நாகை – காங்கேசன்துறை கப்பல் ஓடுவதும் நிற்பதும் ஏன்? ஆயிரம் ஆண்டு துறைமுகம் சொல்லும் பதில்

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்தில் இருக்கும் காங்கேசன்துறைக்கு கடல் வழியில் சுமார் 60 கடல் மைல். அதாவது 110 கிலோமீட்டர். கப்பலில் ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நாகையிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போக இதைவிட அதிக நேரம் ஆகும்.

இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊருக்கு ஒரு பயணிகள் கப்பல் நிரந்தரமாக ஓட முடியாதா? இந்தக் கேள்வி ஒவ்வொரு முறை சேவை நிறுத்தப்படும்போதும் எழுகிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய சேவை ஒரே வாரத்தில் நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. மழைக்காலத்தில் நின்றது. 2025 பிப்ரவரியில் திரும்பவும் தொடங்கியது.

கடல் தூரம் இதற்குக் காரணம் இல்லை. கப்பல் வந்து ஒட்டி நிற்கும் அளவுக்கு துறையில் ஆழம் இருக்கிறதா, இறங்கியவர்கள் அங்கிருந்து போக வழி இருக்கிறதா, நஷ்டம் வந்தால் யார் தாங்குவது? இந்த மூன்றும் சேர்ந்தால் கப்பல் ஓடும். ஒன்று போனாலும் நிற்கும். நாகை துறைமுகத்தின் வரலாறு முழுக்க இதைத்தான் காட்டுகிறது. விரிவாகப் பார்க்கலாம்.

இப்போதைய சேவை எப்படித் தொடங்கியது?

2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் மோடி காணொளி வழியாக இந்தச் சேவையைத் தொடங்கி வைத்தார். இந்தியக் கப்பல் கழகம் இயக்கிய 'செரியபாணி' என்ற அதிவேகக் கப்பல் கொச்சியிலிருந்து நாகைக்குக் கொண்டுவரப்பட்டது. 150 பேர் உட்காரக்கூடிய அந்தக் கப்பலில் முதல் நாள் 50 பேர் பயணம் செய்தார்கள்.

ஒருவழி டிக்கெட் 6,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 7,670 ரூபாய். தொடக்க நாளில் மட்டும் சலுகையாக சுமார் 2,800 ரூபாய் வாங்கினார்கள். தினமும் ஓடும் என்று சொல்லப்பட்ட கப்பல், பயணிகள் குறைவு என்பதால் வாரத்தில் மூன்று நாளாகக் குறைக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை நெருங்கியதும் அக்டோபர் 20-ம் தேதியோடு அந்த ஆண்டுக்கான சேவை முடிந்தது.

அடுத்த ஆண்டு தனியார் நிறுவனம் ஒன்று பொறுப்பேற்றது. 'சிவகங்கை' என்ற கப்பல் 2024 ஆகஸ்ட் 16 அன்று ஓடத் தொடங்கியது. இதிலும் 150 இருக்கைகள்தான். சாதாரண வகுப்புக்கு 5,000 ரூபாய் அளவிலும் சிறப்பு வகுப்புக்கு 7,500 ரூபாய் அளவிலும் கட்டணம் அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்தில் நிறுத்தப்பட்ட இந்தச் சேவை 2025 பிப்ரவரி 22 அன்று மீண்டும் தொடங்கியது.

இரண்டு முறையும் செய்திகளில் '40 ஆண்டுகளுக்குப் பிறகு' என்ற சொல் அடிபட்டது. அந்த 40 ஆண்டுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதற்கு கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாகை எப்போதிலிருந்து துறைமுகம்?

சோழர் காலத்தில் நாகை வெளிநாட்டுக் கப்பல்கள் வந்து போகும் பெரிய பட்டினம். இன்றைய இந்தோனேசியா, மலேசியா பகுதிகளை ஆண்ட ஸ்ரீவிஜய அரசின் மன்னர் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், முதலாம் ராஜராஜன் ஆட்சியில் இங்கே ஒரு பௌத்த விகாரை கட்டினார். தன் தந்தையின் பெயரில் கட்டிய அதுதான் சூடாமணி விகாரை. அதன் செலவுக்காக ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் எழுதிக்கொடுத்தார்.

அந்த உத்தரவு 21 செப்பேடுகளில் பொறிக்கப்பட்டது. டச்சுக்காரர்கள் வழியாக நெதர்லாந்துக்குப் போய், லெய்டன் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டதால் அவற்றுக்கு 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு வெளிநாட்டு அரசர் கடல் தாண்டி வந்து இங்கே விகாரை கட்டுகிறார் என்றால், அவருடைய நாட்டு வணிகர்கள் இங்கே தொடர்ந்து வந்து தங்கினார்கள் என்று அர்த்தம். பிற்காலத்தில் 'சீனக் கோபுரம்' என்று அழைக்கப்பட்ட மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று 19-ம் நூற்றாண்டு வரை நாகையில் நின்றது. கடலில் வரும் மாலுமிகளுக்கு கரையை அடையாளம் காட்டியது அதுதான். 1867-ல் அது இடிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் செப்புச் சிலைகளில் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

செஞ்சிக்கும் துறைமுகத்துக்கும் என்ன தொடர்பு?

அந்தக் காலத்தில் உள்நாட்டில் கோட்டை கட்டி ஆண்ட ஒவ்வொரு அரசுக்கும் கடலில் ஒரு வாசல் தேவைப்பட்டது. குதிரை, வெடிமருந்து, பணம் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். துணி, அரிசி வெளியே போகும்.

தஞ்சை நாயக்கர்களுக்கு அந்த வாசல் நாகை. செஞ்சி நாயக்கர்களுக்கு கடலூர் பக்கத்துக் கரை. 1600-களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்ய செஞ்சி நாயக்கரிடம்தான் அனுமதி வாங்கினார்கள். பிறகு செஞ்சியில் இருந்து ஆண்ட மராட்டிய அரசர் ராஜாராமிடம் இருந்து 1690-ல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். அதுதான் புனித டேவிட் கோட்டை. செஞ்சி, வல்லம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பார்த்தால் கடல் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் கடற்கரைக் கோட்டையை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு செஞ்சி மலை மேல்தான் எடுக்கப்பட்டது.

நாகையிலும் இதே கதைதான். 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் வந்து குடியேறினார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள். 1690-ல் சோழமண்டலக் கடற்கரைக்கான தங்கள் தலைமையகத்தைப் பழவேற்காட்டில் இருந்து நாகைக்கே மாற்றினார்கள். பக்கத்தில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்கள். ஒரு நாள் நடந்தால் கடந்துவிடக்கூடிய கடற்கரையில் மூன்று ஐரோப்பிய நாட்டுக் கொடிகள் பறந்தன.

1781-ல் ஆங்கிலேயர்கள் நாகையைக் கைப்பற்றினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகள் நாகைக்கு எதிரே கடலில் மோதின. 1799 முதல் 1845 வரை தஞ்சாவூர் மாவட்டத்தின் தலைநகரமே நாகைதான்.

ரயில் வந்த பிறகு என்ன மாறியது?

துறைமுகத்துக்கு வரும் ஆட்களும் சரக்கும் உள்ளூருக்குள் போக வழி வேண்டும். அந்த வழி நாகைக்கு 1861-ல் கிடைத்தது. நாகையிலிருந்து தஞ்சாவூருக்கும், அடுத்து திருச்சிக்கும் ரயில் பாதை போடப்பட்டது. தென்னிந்தியாவில் ரயில் வந்த முதல் சில ஊர்களில் நாகையும் ஒன்று. பின்னால் தென்னிந்திய ரயில்வேயாக மாறிய நிறுவனத்தின் தலைமையிடமும் பணிமனையும் இங்கேதான் இருந்தன.

ரயிலும் கப்பலும் ஒரே ஊரில் சந்தித்ததால், டெல்டா மாவட்டங்களில் இருந்தும் திருச்சி பக்கத்தில் இருந்தும் வெளிநாடு போகிறவர்களின் வாசலாக நாகை ஆனது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களில் பெரும்பகுதியினர் கப்பல் ஏறியது சென்னையிலும் நாகையிலும்தான். 1938-ல் இந்திய அரசு உதவியுடன் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்யும் வரை இது தொடர்ந்தது.

கூலிகளுக்கு முன்பே நாகை, நாகூர் மரைக்காயர் வணிகர்கள் சொந்தக் கப்பல்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தார்கள். இரண்டு ஊர்களிலும் இன்றும் நிற்கும் நாகூர் தர்கா கட்டடங்கள் அதற்குச் சாட்சி. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் உள்ள தர்கா 1830 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டது.

ரஜுலா, சிதம்பரம்: மறக்க முடியாத இரண்டு கப்பல்கள்

டெல்டா மாவட்டங்களில் 70 வயதைத் தாண்டிய யாரிடமாவது கேட்டால் 'ரஜுலா' என்ற பெயரைச் சொல்வார்கள். 1926-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. புதிதாக வந்தபோது மேல்தளத்தில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அனுமதி இருந்தது. இன்றைய சிவகங்கையில் 150 பேர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் ரஜுலா நாகை கரைக்கு வந்ததே இல்லை. இங்கேதான் நாகையின் அடிப்படைப் பிரச்சினை வருகிறது. நாகை ஒரு 'நங்கூரத் துறைமுகம்'. கடுவையாறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த இந்தத் துறையில் பெரிய கப்பல் உள்ளே வருகிற ஆழம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகள், பெட்டி, மூட்டை, குழந்தை எல்லாம் படகில் ஏறி, அலையில் ஆடி, கப்பலுக்குப் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரை முழுக்கவே மணல் நகர்ந்துகொண்டே இருக்கும் கரை. அலைகள் மணலை அடித்துக்கொண்டு போய் ஆற்று வாயில்களை அடைக்கும். தூர் வாரினால் சில காலம் ஆழம் நிற்கும். திரும்ப மேடாகும். பெரிய செயற்கைத் துறைமுகம் கட்டிய சென்னைக்கும், பிறகு தூத்துக்குடிக்கும் கப்பல்கள் நகர்ந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ரஜுலாவுக்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1960-களில் பிரான்ஸில் கட்டப்பட்ட சொகுசுக் கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி சென்னை – சிங்கப்பூர் வழித்தடத்தில் ஓட்டியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தச் சேவை முடிந்தது. அதற்குள் விமானம் வழக்கமாகிவிட்டதால் வேறு கப்பல் வரவில்லை. நாகையில் இருந்து வெளிநாட்டுக்குப் பயணிகள் கப்பல் என்ற கதை அங்கே நின்றது. 

இலங்கைக்கு முன்பு எந்த வழியில் போனார்கள்?

இலங்கைக்கான முக்கிய வழி நாகை இல்லை. முதலில் தூத்துக்குடி, பிறகு தனுஷ்கோடி.

19-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு போவார்கள். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் கதை மாறியது. ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கே துறையில் நிற்கும் கப்பலில் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டரில் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் தயாராக நிற்கும். சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு கோட்டை வரை போகலாம். இதுதான் 'போட் மெயில்'. இன்றும் சென்னை – ராமேஸ்வரம் ரயிலை பழையவர்கள் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள்.

மேலே சொன்ன மூன்று விஷயங்களும் இங்கே ஒன்றாகச் சேர்ந்தன. துறையில் கப்பல் நிற்க வசதி இருந்தது. இரு கரையிலும் ரயில் இருந்தது. ரயிலையும் கப்பலையும் ஒரே ரயில்வே நிறுவனம் நடத்தியதால், கப்பலில் நஷ்டம் வந்தாலும் மொத்த வருமானத்தில் சரிக்கட்டலாம். அதனால்தான் 50 ஆண்டுகள் ஓடியது.

1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயில் கடலில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனுஷ்கோடி ஊரும் துறையும் அழிந்தன.

அந்தப் புயலுக்கு இரண்டு மாதத்துக்குள் முன்னால்தான், 1964 அக்டோபர் 30-ல், சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த 5,25,000 இந்திய வம்சாவளித் தமிழர்களை இந்தியா ஏற்க வேண்டும் என்பது முடிவு. தனுஷ்கோடி இல்லாததால் கப்பல் ராமேஸ்வரத்தில் இருந்து ஓடியது. தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கின. 'ராமானுஜம்' என்ற கப்பலின் பெயர் அந்தக் குடும்பங்களுக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு போர் வெடித்தது. அதோடு கப்பல் சேவையும் நின்றது. அதற்கடுத்து வந்தவர்கள் டிக்கெட் வாங்கி வந்த பயணிகள் அல்ல, மீன்பிடிப் படகில் வந்த அகதிகள்.

தூத்துக்குடி – கொழும்பு கப்பல் ஏன் தோற்றது?

போர் முடிந்த பிறகு 2011 ஜூனில் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் ஓடத் தொடங்கியது. தூத்துக்குடியில் ஆழத்துக்குப் பஞ்சம் இல்லை. ரயிலும் உண்டு. ஆனால் இருக்கைகள் நிறையவில்லை. கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்தில் போகலாம் என்கிறபோது, இரவு முழுக்கக் கப்பலில் போக எத்தனை பேர் வருவார்கள்? நஷ்டத்தைத் தாங்க யாரும் முன்வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சேவை நின்றது.

முதல் இரண்டும் இருந்தும் மூன்றாவது இல்லாததால் தோற்றது இது.

மற்ற நாடுகளில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இந்தப் பிரச்சினை தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்தது இல்லை. ரஜுலாவைக் கட்டிய ஸ்காட்லாந்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதன் தென்மேற்குக் கரையில் ஸ்ட்ரான்ரார் என்று ஒரு ஊர். எதிர்க்கரையில் வட அயர்லாந்து. 1862-ல் அந்த ஊரின் துறைமேடை வரைக்கும் ரயில் போட்டார்கள். 1872 முதல் எதிர்க்கரையில் உள்ள லார்ன் ஊருக்கு நிலையான கப்பல் சேவை. ரயிலில் இருந்து இறங்கி நேராகக் கப்பலில் ஏறலாம். தனுஷ்கோடி மாதிரியே.

அந்த ஊருக்கும் ஒரு பெரும் துயரம் உண்டு. 1953 ஜனவரி 31-ல் புயலில் 'பிரின்சஸ் விக்டோரியா' என்ற கப்பல் மூழ்கி 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனாலும் சேவை நிற்கவில்லை. அதை நிறுத்தியது வேறு ஒன்று.

ஸ்ட்ரான்ரார் ஒரு நீண்ட கடல் கழியின் உள்முனையில் இருக்கிறது. அங்கே ஆழம் குறைவு. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, கழிக்குள் மெதுவாக வந்து போவது சிரமமானது. 2011 நவம்பரில் கப்பல் நிறுவனம் சுமார் 10 கிலோமீட்டர் வடக்கே கெய்ன்ரயன் என்ற இடத்தில் புதிய துறை கட்டி அங்கே மாறிவிட்டது. ஸ்ட்ரான்ராருக்கு ரயில் இன்றும் வருகிறது. ஆனால் ஏற கப்பல் இல்லை. புதிய துறையில் கப்பல் இருக்கிறது. ரயில் இல்லை.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இன்னொரு பாடம் கிடைக்கிறது. அந்தத் தீவுகளுக்கான கப்பல்களை அரசுக்குச் சொந்தமான நிறுவனம் ஓட்டுகிறது. அதே தூரத்தை சாலையில் போனால் ஆகும் செலவை அடிப்படையாக வைத்து கட்டணத்தை நிர்ணயிக்கும் முறையை 2008 முதல் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். மீதிச் செலவை அரசு கொடுக்கிறது. கப்பலையும் சாலை மாதிரி ஒரு பொது வசதி என்று பார்ப்பதுதான் இதன் அடிப்படை. சாலை லாபம் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை, அதே மாதிரி.

நாகை சேவைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

இதில் ஓரளவு மாற்றம் வந்திருக்கிறது. நாகை துறைமுகத்தில் பயணிகள் முனையம், குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை போன்ற வசதிகள் ஏற்படுத்தப்பட்டன. இதற்காக மத்திய வெளியுறவு அமைச்சகம் தமிழ்நாடு கடல்சார் வாரியத்துக்கு நிதி கொடுத்தது. காங்கேசன்துறை துறைமுகத்தில் ஆகும் இயக்கச் செலவுக்காக மாதம் 2.5 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் ஓராண்டுக்குத் தருவதாகவும் இந்தியா அறிவித்தது. இலங்கை அரசும் கப்பல் பயணிகளுக்கான புறப்பாட்டு வரியைக் குறைத்தது.

காங்கேசன்துறை துறைமுகத்தைச் சீரமைக்க 6.15 கோடி டாலர் மானியமாகத் தருவதாகவும் இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. போர்க்காலத்தில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கி, மூழ்கிய கப்பல்களோடு கிடந்த துறைமுகம் அது. மாவிட்டபுரம் கோயிலுக்கான முருகன் சிலை தமிழ்நாட்டில் இருந்து வந்து இறங்கிய துறை என்பதால், காங்கேயன் பெயரில் காங்கேசன்துறை ஆனது என்பது அந்த ஊர் மக்கள் சொல்லும் வரலாறு.

ஆக, டிக்கெட் விலை 7,670 ரூபாயில் இருந்து இறங்கியதற்குப் பின்னால் இரண்டு அரசுகளின் பணம் இருக்கிறது. அந்தப் பணம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2011 தூத்துக்குடி அனுபவமே போதும்.

மழைக்காலத்தில் ஏன் ஓட்ட முடிவதில்லை?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டுக் கரையில் புயல் சின்னங்கள் அதிகம் உருவாகும் காலம். நாகை மாவட்டம் அதன் பாதையிலேயே இருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரையைக் கடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் அதிக உயிரிழப்பு இந்த மாவட்டத்தில்தான். 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

150 பேர் போகும் சிறிய, வேகமான கப்பல் ஆழம் குறைந்த துறைக்குள் வரும். அதுதான் அதன் பலம். ஆனால் அலை உயர்ந்தால் ஆட்டம் தாங்காது. பெரிய கப்பல் அலையைத் தாங்கும். ஆனால் நாகைக்குள் வராது. இந்த இழுபறிதான் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சேவையை நிறுத்துகிறது.

ஓடாத மாதங்களிலும் கப்பல் வாடகை, ஊழியர் சம்பளம், பராமரிப்புச் செலவு நிற்காது. மீதி மாதங்களில் வரும் பயணிகளிடம் இருந்தே ஆண்டு முழுவதற்குமான செலவை எடுக்க வேண்டும். சிறிய கப்பலில் அது இன்னும் கஷ்டம்.

இந்தக் கப்பலில் யார் போகிறார்கள்?

2019-ல் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் சர்வதேச விமானங்களுக்குத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து விமானம் போகத் தொடங்கியது. அவசரமாகப் போகிறவர்கள் அதில் போய்விடுவார்கள். அப்படியானால் கப்பல் யாருக்கு?

வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு, சிதம்பரம் என்று நாகையைச் சுற்றி இலங்கை மக்கள் தேடிவரும் தலங்கள் நிறைய. வேளாங்கண்ணிக்கு நாகையில் இருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் மாதா திருவிழா கடல் அமைதியாக இருக்கும் காலத்தில்தான் வருகிறது. அங்கிருந்து பார்த்தால் நல்லூர் கந்தசாமி கோயில், கீரிமலை, நயினாதீவு. இதுபோக, போரின்போது பிரிந்து இரண்டு கரைகளிலும் வாழும் குடும்பங்கள். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போய்வர நினைப்பவர்கள். நான்கு பேர் குடும்பமாகப் போகும்போது விமானத்துக்கும் கப்பலுக்கும் உள்ள விலை வித்தியாசம்தான் 'போகலாமா, வேண்டாமா' என்பதை முடிவு செய்கிறது.

பயணம் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கை விசா நடைமுறை அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம், லக்கேஜ் அளவு, ஓடும் நாட்கள் ஆகியவையும் இதுவரை பலமுறை மாறியிருக்கின்றன. அன்றைய நிலவரத்தை முன்பதிவு செய்யும் இடத்திலேயே உறுதி செய்வது நல்லது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் இந்தக் கப்பலை நம்பி கல்யாணத் தேதியோ திரும்பும் விமான டிக்கெட்டோ வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

செஞ்சி, விழுப்புரம் பக்கத்தில் இருந்து போகிறவர்கள் கடலூர், சிதம்பரம் வழியாக நாகைக்கு வரலாம். கப்பல் காலையில் புறப்படும் நாட்களில் முந்தைய இரவே நாகை வந்து தங்குவது வசதி.

அடுத்து என்ன?

ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலை மீண்டும் தொடங்க வேலை செய்வது என்று 2024 டிசம்பரில் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க டெல்லி வந்தபோது இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. இரு கரையிலும் ரயில் மீண்டும் தயாராக இருப்பது இந்த வழிக்குச் சாதகம். போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதை இந்தியா உதவியுடன் சீரமைக்கப்பட்டு 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. 1964-க்கு முன் இருந்ததைப் போல ரயில், கப்பல், ரயில் என்ற சங்கிலியில் இப்போது விடுபட்டிருப்பது நடுவில் உள்ள கப்பல் மட்டுமே.

அந்தக் கப்பல் வந்தால் நாகைக்குப் போட்டியா என்றால், இரண்டும் வேறு வழி. தலைமன்னார் கொழும்புக்கும் மலையகத்துக்கும் போகிறவர்களுக்கான வழி. காங்கேசன்துறை யாழ்ப்பாணத்துக்கான வழி.

நாகை சேவை நிலைக்குமா என்பதை அடுத்த தொடக்க விழா சொல்லாது. துறை முகத்துவாரத்தில் தூர் வாரும் வேலை ஆண்டுதோறும் நடக்கிறதா, மழைக்கால நஷ்டத்துக்கு அரசின் நிதி தொடர்ந்து கிடைக்கிறதா, கப்பல் வரும் நேரத்துக்கு ஏற்ப நாகையில் ரயிலும் பஸ்ஸும் கிடைக்கிறதா? அடுத்த முறை 'கப்பல் சேவை நிறுத்தம்' என்று செய்தி வந்தால், இந்த மூன்றில் எது தவறியது என்று பார்த்தாலே காரணம் புரிந்துவிடும்.